லாட்வியக் குயவர் ஆந்த்ரேய்ஸ் பவுலான்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மண்ணால் செய்த மெழுகுவத்தித் தாங்கி ஒன்றின் படத்தைப் போட்டு, கீழே 'ஆந்த்ரேய்ஸ் பவுலான்ஸ், லாட்கலே, லாட்வியா' என்று ஒரு வரி மட்டும் எழுதியிருந்தேன். அதைப் பற்றி இத்தனை பேர் எழுதிக் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

யார் இந்த பவுலான்ஸ்? ஒரு குயவரின் பெயரைப் போட்டு எழுதும் அளவுக்கு என்ன செய்தார்?
மதுரை வாசகர்

1896-ல் பிறந்து 1973-ல் இறந்தவர். லாட்கலே என்பது லாட்வியாவின் கிழக்கு ஓரம், ரஷ்யாவும் பெலாரூசும் எல்லையாக இருக்கிற பக்கம், ஏரிகளும் சிறு குன்றுகளும் கத்தோலிக்கக் கோவில்களும் நிறைந்த நாட்டுப்புறம். அவர் பிறந்தபோது அது ஜார் மன்னரின் பேரரசில் ஒரு மூலை. அவருக்கு இருபத்திரண்டு வயதாகும்போது, 1918-ல், லாட்வியா தனி நாடு என்று அறிவிக்கப்பட்டது. 1940-ல் சோவியத் படை வந்தது, 1941-ல் ஜெர்மன் படை வந்தது, 1944-ல் மறுபடி சோவியத். 1991-ல் லாட்வியா மீண்டும் விடுதலை பெற்றதைப் பார்க்க அவர் இல்லை.

பெயரைப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. 1937-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பவுலான்ஸும் பொலிகார்ப்ஸ் வில்த்சான்ஸ் முதலிய மற்ற லாட்கலேக் குயவர்களும் செய்த பாண்டங்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்தக் கண்காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஐஃபல் கோபுரத்தின் அருகில் நாஜி ஜெர்மனியின் மண்டபமும் சோவியத் மண்டபமும் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நிற்கின்றன, ஸ்பெயின் மண்டபத்தில் பிக்காசோவின் 'கெர்னிகா' தொங்குகிறது, எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் சேர்ந்து ஒரே மண்டபம் போட்டிருக்கின்றன. கோபுரத்தடியில் முறைத்துக்கொண்ட அந்த இரண்டு அரசுகளும் சில ஆண்டுகளுக்குள் மாறி மாறி அந்த மூன்று நாடுகளையும் பிடித்துக்கொண்டன. அப்படிப்பட்ட ஒரு இடத்தில், கிராமத்துச் சூளையில் விறகு போட்டுச் சுட்ட பானைகளுக்குப் பதக்கம் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

படத்தில் நடுத்தண்டிலிருந்து நாலா பக்கமும் கைகள் வளைந்து போகின்றன, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு கிண்ணம். இதைச் சக்கரத்தில் எப்படி வனைய முடியும்?
மானாமதுரை வாசகர்

ஒரே மூச்சில் வனைய முடியாது. சக்கரத்தில் வருவது வட்டமான உருவம் மட்டும்தான். அதனால் இப்படிப்பட்ட தாங்கியைப் பகுதி பகுதியாகச் செய்துதான் சேர்க்க வேண்டும். அடிப்பாகம் ஒரு கவிழ்த்த கிண்ணம், தண்டு ஒரு ஒடுக்கமான ஜாடி, மெழுகுவத்தி உட்காரும் கிண்ணங்கள் ஒவ்வொன்றும் தனி. கைகளை உருட்டியோ குழலாக இழுத்தோ செய்து வளைத்துக்கொள்ளலாம். பிறகு எல்லாவற்றையும் களிக்குழம்பு தடவி ஒட்ட வேண்டும்.

ஒட்டுகிற நேரம்தான் கஷ்டம். மண் ரொம்ப ஈரமாக இருந்தால் கை தன் பாரத்திலேயே தொங்கிவிடும், ரொம்பக் காய்ந்துவிட்டால் ஒட்டாது, ஒட்டினாலும் சூளையில் பிரிந்து வந்துவிடும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. விரலால் அழுத்தினால் தடம் விழக்கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், அந்தப் பதத்தில் எல்லாப் பகுதிகளும் ஒரே சமயத்தில் இருந்தால்தான் வேலை ஆகும். ஒட்டி முடித்ததும் அடுத்த சிக்கல் வருகிறது: களிமண் ஈர நிலையிலிருந்து சுட்டு முடிவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். கைகள் மெல்லியவை, சீக்கிரம் காயும், சீக்கிரம் சுருங்கும். தண்டு தடித்தது, மெதுவாகத்தான் காயும். ஒன்று சுருங்கி இழுக்கும்போது மற்றது இன்னும் ஈரமாக இருந்தால் ஒட்டிய இடத்தில் விரிசல்தான். அதனால் கைகளை ஈரத்துணியால் மூடி மூடி, காற்று நேராகப் படாத மூலையில் வைத்து, நாள் கணக்கில் பொறுமையாகக் காய வைக்க வேண்டும்.

சூளையிலும் ஒரு கணக்கு உண்டு. லாட்கலே மண் இரும்புச்சத்து நிறைந்த செம்மண். அதை 1000 டிகிரிக்குள்தான் சுடுகிறார்கள். அதற்கு மேல் ஏற்றினால் இந்த வகை மண் இளகத் தொடங்கும், நீட்டிய கைகள் கீழே சரியும். குறைந்த வெப்பத்தில் சுடுகிற மண்பாண்டம் என்றால் தரம் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் குறைந்த சூடுதான் பல கைகள் விரித்த இந்த உருவத்தையே தாங்கிப் பிடிக்கிறது.

இத்தனைக்கும் மேல் அது அழகாகவும் இருக்க வேண்டும். பவுலான்ஸின் தாங்கிகளில் எனக்குப் பிடித்தது, கைகள் எவ்வளவு விரிந்தாலும் அடிப்பாகம் கனமாக, தரையில் நன்றாக உட்கார்ந்து இருப்பது. பால் பானையும் சோற்றுப் பானையும் எப்படி நிற்க வேண்டும் என்று தெரிந்த கை அது.

லாட்வியாவில் வேறு பகுதிகளும் இருக்கின்றனவே, குயவர்கள் எல்லாரும் லாட்கலேயில் மட்டும் இருப்பது போல் எழுதுகிறீர்களே?
சேலம் வாசகர்

மற்ற பகுதிகளிலும் இருந்தார்கள். அங்கே தொழில் பெரும்பாலும் மங்கிப்போனது, லாட்கலேயில் நின்றது. காரணம் மண் வளம் மட்டும் இல்லை, சரித்திரமும்தான்.

மேற்கே இருக்கிற குர்சேமேயிலும் வடக்கே விட்சேமேயிலும் 1817, 1819-லேயே பண்ணையடிமை முறையை ஒழித்துவிட்டார்கள். லாட்கலே 1772 வரை போலந்து-லிதுவேனியாவின் கையில் இருந்து, பிறகு ரஷ்யப் பேரரசில் வித்தேப்ஸ்க் மாகாணத்தோடு சேர்க்கப்பட்ட பகுதி. அங்கே அடிமை முறை ஒழிந்தது 1861-ல்தான், நாற்பது வருடத்துக்கு மேல் தாமதம். அது போதாதென்று 1865 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் புத்தகம் அச்சிடவே தடை. லாட்கலே மக்கள் தங்கள் பிரார்த்தனைப் புத்தகங்களைக் கையால் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள். ரீகா போன்ற நகரங்களின் ஆலைகளில் பீங்கான் தட்டும் கோப்பையும் குவிந்துகொண்டிருந்த காலத்தில், லாட்கலேக் குடியானவர் கையில் அதை வாங்கப் பணம் இல்லை. பக்கத்து ஊர்க் குயவர் சந்தைக்குக் குதிரை வண்டியில் கொண்டுவரும் பானைதான் அவருக்குக் கட்டுபடியானது. குயவரும் சிறு நிலக்காரர்தான், விவசாயத்தோடு சேர்த்துத்தான் பானை.

அதனால் லாட்கலே மண்பாண்டத்தைப் 'பழமை மாறாத கிராமத்தின் அழகு' என்று யாராவது எழுதினால் எனக்கு ஒப்பவில்லை. அந்தத் தொழில் நின்றதற்குப் பின்னால் வறுமை இருக்கிறது, அந்த மக்கள் வேண்டுமென்றே பின்தங்க வைக்கப்பட்டது இருக்கிறது. அதற்குள்ளே இருந்து இவ்வளவு நல்ல வேலை வந்தது அந்தக் குயவர்களின் பெருமை, அதை அந்த நிலைமையின் பெருமையாக ஆக்கிவிடக்கூடாது.

மெழுகுவத்தித் தாங்கியை விடுங்கள், வீட்டுக்கு என்னென்ன செய்தார்கள்?
யாழ்ப்பாணம் வாசகி

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வாரௌனீக்ஸ் என்பது சமைக்கிற பானை, வட்டமான வயிறு, அடுப்பின் உள்ளே தள்ளி வைக்க ஏற்றது. ஸ்லொய்னீக்ஸ் என்பது உயரமான ஜாடி, பன்றிக்கொழுப்பும் பழப்பாகும் போட்டு வைக்க. மெதௌனீத்சா தேனுக்கு, பெயரிலேயே தேன் இருக்கிறது, இரண்டு காது வைத்த பாத்திரம். ல்யாக்ஸ் எண்ணெய்க்கு, கழுத்து ஒடுங்கியது. பாரொசா என்பது வயலில் வேலை செய்கிறவருக்குச் சாப்பாடு எடுத்துப் போகிற தூக்கு, கைப்பிடி வாய்க்கு மேலே வில்லாக வளைந்து இரண்டு பக்கமும் இறங்கும். அப்புறம் குழந்தைகளுக்கு ஊதல், பறவை, குதிரை உருவத்தில்.

பெரிய அலங்காரம் எதுவும் இல்லை. பானை சக்கரத்தில் சுழலும்போதே ஒரு குச்சியையோ சீப்பு போன்ற பலகையையோ வைத்து அலைக்கோடு இழுத்துவிடுவார்கள், விளிம்பை விரலால் நெளித்துவிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு பாரொசாவின் கைப்பிடியைப் பாருங்கள். கஞ்சி நிறைந்த பாத்திரத்தின் முழுப் பாரமும் அந்தக் கைப்பிடி ஒட்டியிருக்கிற இரண்டு இடத்தில்தான் தொங்குகிறது. அங்கே விட்டுப்போனால் வயலில் ஒருவர் பட்டினி. அந்த ஒட்டைச் சரியாகப் போடத் தெரிந்தவர்கள்தான் பிறகு பல கைகள் விரித்த தாங்கியைச் செய்தார்கள். இரண்டும் ஒரே வித்தை. கண்காட்சிகளில் தாங்கிகளுக்கே பெரிய இடம் கிடைப்பதும் பாரொசாக்கள் ஓரமாக நிற்பதும் எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம்.

பாண்டத்தின் மேல் அந்தப் பளபளப்பும் பச்சையும் தேன் நிறமும் எப்படி வந்தது? பழைய பாத்திரம் கிடைத்தால் சாப்பிடப் பயன்படுத்தலாமா?
கோயம்புத்தூர் வாசகி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. பழைய பாண்டத்தை அலமாரியில் வையுங்கள், தயிரோ புளிக்குழம்போ ஊற்றாதீர்கள்.

காரணம் ஈயம். பானையின் மேல் வருகிற அந்தக் கண்ணாடி மெருகு, ஸ்டுடியோக் குயவர்கள் கிளேஸ் என்று சொல்வது, அடிப்படையில் மணலை உருக்கி எடுத்த கண்ணாடிதான். வெறும் மணல் உருக 1700 டிகிரி வேண்டும், எந்தக் கிராமத்துச் சூளையும் அதைத் தராது. ஈய ஆக்சைடைக் கலந்தால் 900 டிகிரிக்கு அருகிலேயே எல்லாம் உருகி வழிந்து, வழவழப்பாகப் பரவிவிடும். எதுவும் சேர்க்காத ஈய மெருகு செம்மண்ணின் மேல் தேன் நிறம் தரும். செம்பு சேர்த்தால் பச்சை, மாங்கனீசு சேர்த்தால் கருமை கலந்த பழுப்பு, இரும்பு சேர்த்தால் மஞ்சள் பழுப்பு. நிறம் இன்னும் பளிச்சென்று தெரிய வேண்டுமானால், முதலில் வெள்ளைக் களிக்குழம்பைப் பூசிவிட்டு அதன் மேல் மெருகு போடுவார்கள். விறகுச் சூளையில் தீ ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும், சாம்பல் பறக்கும், அதனால் ஒரே பானையில் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் பழுப்பாக ஒழுகி இருக்கும். லாட்கலேப் பாண்டத்தின் உயிரே அந்த ஒழுகல்தான் என்பேன்.

ஈய மெருகின் அழகுக்கு விலை இருந்தது. ஈயத்தைப் பொடியாக்கி, கலந்து, பூசி, சுட்டு, அதன் தூசியையும் ஆவியையும் குயவர் சுவாசிக்க வேண்டியிருந்தது. புளிப்பான உணவு பட்டால் ஈயம் பாத்திரத்திலிருந்து உணவில் இறங்கும். இன்று நிலைமை வேறு. 1984-ல் வந்த ஐரோப்பிய விதிப்படி, உணவு ஊற்றுகிற பாத்திரத்திலிருந்து கசியும் ஈயம் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, சமைக்கிற பாத்திரத்துக்கு 1.5 மில்லிகிராம். லாட்வியா 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, அந்த விதி அங்கேயும் உண்டு. இப்போது புதிதாக வாங்குகிற பாத்திரத்தைச் சாப்பாட்டுக்கு என்று கேட்டு வாங்குங்கள், செய்தவரே சொல்வார்.

அதே ஊரிலிருந்து முழுக் கருப்பான பானைகளும் வருகின்றனவே, அது சாயமா?
திருச்சி வாசகர்

சாயம் இல்லை, புகை. பானைகள் நன்றாகச் சூடேறிய பிறகு, பிசின் நிறைந்த விறகைப் போட்டுச் சூளையின் வாயையும் புகைபோக்கியையும் மண் வைத்து அடைத்துவிடுவார்கள். உள்ளே காற்று இல்லை, தீ மூச்சுத் திணறும். அது மண்ணில் இருக்கிற சிவப்பு இரும்பு ஆக்சைடிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும், இரும்பு கருப்பாக மாறும், கரியும் நுண்துளைகளில் போய் உட்கார்ந்துவிடும். மெருகே தேவையில்லை. காயும் முன்பே வழவழப்பான கல்லால் தேய்த்திருந்தால் வெள்ளிபோல் மின்னும். ஈய மெருகு வருவதற்கு முன்பிருந்த முறை இது. நடுவில் மறைந்துபோயிருந்ததை 1990 வாக்கில் லாட்கலேயில் சில குயவர்கள் சேர்ந்து 'குயவர் பள்ளி' என்ற பெயரில் ஒரு குழுவாகி மீட்டெடுத்தார்கள். தோண்டி எடுத்த பழைய ஓடுகளைப் பார்த்து, அதே வடிவில் வனைந்து, சுட்டுப் பழகினார்கள். இப்போது அந்தக் கருப்புப் பாண்டம் லாட்கலேயின் இன்னொரு முகம்.

சோவியத் காலத்தில் தனியாகத் தொழில் செய்ய விட்டார்களா? பவுலான்ஸ் எப்படித் தாக்குப் பிடித்தார்?
புதுச்சேரி வாசகர்

தனித் தொழிலை அந்த ஆட்சி சந்தேகத்தோடுதான் பார்த்தது. 1949 மார்ச்சில் லாட்வியாவிலிருந்து 42,000 பேருக்கு மேல் சைபீரியாவுக்கு ரயிலேற்றப்பட்டார்கள், பெரும்பாலும் நாட்டுப்புறக் குடும்பங்கள். மிச்சமிருந்தவர்கள் கூட்டுப் பண்ணைக்குள் போனார்கள். சொந்த நிலத்தோடும் சொந்தக் குதிரையோடும் சந்தையோடும் சேர்ந்தே இருந்த தொழில்தான் பானை. நிலமும் குதிரையும் பண்ணைக்குப் போய்விட்டால் தொழிலுக்கு அடியே ஆடிவிடும். அதே சமயத்தில் கடையில் அலுமினியமும் எனாமலும் மலிவாக வந்துவிட்டன, வீட்டில் பானை கேட்பவர்கள் குறைந்தார்கள்.

இன்னொரு பக்கம் அதே அரசு 'நாட்டார் கலை' என்றால் ஆதரித்தது. கலைக்குழுக்கள் அமைத்தது, பாட்டுத் திருவிழாக்களோடு கைவினைக் கண்காட்சிகள் நடத்தியது, தேர்ந்த கைவினைஞர்களுக்குப் பட்டம் கொடுத்தது. குயவருக்கு ஒரு வழி திறந்தது. சமையலறைக்குப் பானை செய்தவர் கண்காட்சிக்குத் தாங்கியும் பூச்சாடியும் செய்தார். பாண்டங்கள் பெரிதாயின, கைகள் கூடின, அலங்காரம் கூடியது. சில வேலைகள் அளவுக்கு மீறிப்போயின என்பது என் கருத்து, மேடையில் வைக்கத்தான் லாயக்கு. ஆனால் அந்த வழி இல்லாவிட்டால் சூளைகள் அணைந்திருக்கும். பவுலான்ஸும் வில்த்சான்ஸும் சுதந்திர லாட்வியாவில் பெயர் வாங்கியவர்கள், சோவியத் காலத்திலும் மண்ணை விடாதவர்கள். போருக்கு முந்தைய வித்தை போருக்குப் பிந்தைய இளைஞர்களின் கைக்கு வந்தது இவர்கள் தலைமுறை வழியாகத்தான். வில்த்சான்ஸ் 1969-ல் போய்விட்டார், நான்கு வருடம் கழித்து பவுலான்ஸ்.

அவருக்குப் பிறகு யார்? இன்றைக்கும் நடக்கிறதா?
பெங்களூர் வாசகி

நடக்கிறது. அடுத்த தலைமுறையில் பொலிகார்ப்ஸ் செர்ஞாவ்ஸ்கிஸ் (1923–1997) பெரிய பெயர், ப்ரெய்லி ஊரில் அவர் வாழ்ந்த வீட்டையே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இன்றும் லாட்கலேயில் விறகுச் சூளை வைத்துச் சுடுகிறவர்கள் பல ஊர்களில் உண்டு. பலர் கணவன் மனைவியாக, பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிறார்கள், பட்டறைக்கு வருகிறவர்களைச் சக்கரத்தில் உட்காரவும் வைக்கிறார்கள்.

லாட்வியா போகிறோம், எங்கே பார்க்கலாம், எப்படித் தேர்ந்து வாங்குவது?
துபாய் வாசகர்

பார்க்க முதல் இடம் ரேசெக்னே, லாட்கலேயின் நடுவில் இருக்கிற ஊர். அங்கே லாட்கலே பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகத்தில் மண்பாண்டங்களுக்கென்றே நல்ல தொகுப்பு இருக்கிறது. தலைநகர் ரீகாவோடு திரும்ப வேண்டியிருந்தால், யுக்லா ஏரிக்கரையில் இருக்கிற திறந்தவெளி இனவியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், 1924-ல் தொடங்கியது. பழைய குடியானவர் வீடுகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து காட்டுக்குள் நிறுத்தியிருக்கிறார்கள், பாத்திரம் எந்த இடத்தில் என்ன வேலை செய்தது என்று அங்கேதான் புரியும். ஜூன் முதல் வாரக் கடைசியில் போக முடிந்தால் இன்னும் நல்லது. 1971 முதல் வருடாவருடம் அங்கே கைவினைச் சந்தை கூடுகிறது, லாட்கலேக் குயவர்கள் தாங்களே வந்து விற்பார்கள்.

வாங்கும்போது பானையைக் கையில் தூக்கி விரல் மூட்டால் தட்டுங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நல்ல சூடு, விரிசல் இல்லை. மொத்தென்று வந்தால் கீழே வைத்துவிடுங்கள். கைப்பிடி ஒட்டியிருக்கிற இடத்தை உள்பக்கத்திலிருந்தும் பாருங்கள். மெருகில் நிறம் ஒழுகியிருப்பது குறை இல்லை, ஆனால் அடிப்பாகம் மேசையில் ஆடாமல் நிற்க வேண்டும். பல கை வைத்த தாங்கியை விமானத்தில் கொண்டுவருவது பெரும்பாடு, கைகளுக்கு நடுவில் துணி திணித்துக் கையோடு எடுத்து வாருங்கள், பெட்டியில் போடாதீர்கள். ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் என் ஓட்டு பாரொசாவுக்கு.